பின்சீட்டுக்குக் கதவு இல்லை

அந்தக் கார் சிவப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் கார் என்றால் வெள்ளை, இல்லாவிட்டால் கறுப்பு. சிவப்பாக ஒன்று ஒதியம்பட்டுக்குள் நுழைந்தபோது தீயணைப்பு வண்டி என்று நினைத்துச் சிலர் எந்த வூடு எரியுது என்று ஓடிவந்தார்கள். பக்கத்தில் வந்து பார்த்து, இவ்வளவு குட்டையாக இருக்காதே என்று திரும்பிப் போனார்கள்.

கொண்டுவந்தவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அது முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே ஐயா. இவர் பட்டாளத்தில் லாரி ஓட்டினவர். பென்ஷன் வந்த பிறகும் சில வருஷம் அந்த நாட்டிலேயே இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது இந்தக் காரைக் கப்பலில் ஏற்றி மெட்ராஸில் இறக்கினார்.

நான் பாகூர் பக்கம். ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு நாலாவதோடு சரி. லைசென்சு இருந்தது. ஐயாவுக்கு டிரைவர் வேண்டும் என்று யாரோ சொல்லிப் போய் நின்றேன்.

"ஸ்டியரிங் எடது பக்கம் இருக்கும். ஓட்டுவியா?" என்றார்.

"டிராக்டர்ல நடுவுல இருக்குது. ஓட்டறேங்களே" என்றேன்.

சிரித்துவிட்டார். அன்றைக்கே சாவியைக் கொடுத்தார். தோட்டத்தின் கோடியில் ஒரு இடத்தைக் காட்டி, கட்டிக்கோ என்றார். மண் சுவர் வைத்து, கீற்று வேய்ந்து, மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிவந்தேன். எழுத்து ஒன்றும் கிடையாது. வாய்ச்சொல்தான்.

அவரே ஏன் ஓட்டவில்லை என்று கேட்பார்கள். அவர் பழகின நாட்டில் ரோட்டுக்கு வலது பக்கம் போக வேண்டுமாம். இங்கே இடது பக்கம். "நான் ஓட்டினா எதிர்ல வர்றவன் சாவான்" என்பார். அப்போது அதுதான் காரணம். பிறகு வேறு காரணம் வந்தது.

காரின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடும். அந்த ஒன்றுதான். ஆனால் அது போதும். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வளைவில் தரையைக் கவ்விக்கொண்டு போகும். பிரேக் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். எனக்கு டிராக்டர் மிதித்த கால். முதல் வாரம் அந்தக் காலை முட்டை மேல் வைக்கிற மாதிரிதான் வைத்தேன்.

கெட்டது நிறைய. உயரம் இல்லை. அறுப்பு சமயத்தில் எங்கள் பக்கம் தார் ரோடுதான் களம். கேழ்வரகுக் கதிரையும் உளுந்துச் செடியையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டி மிதித்து மணி உதிரட்டும் என்று. மற்ற வண்டிகள் மிதித்துவிட்டுப் போகும். இது வயிற்றில் சுருட்டிக்கொள்ளும். சைலன்சர் சூட்டில் செடி கருகி, காருக்குள் புகை வாடை வரும். ஒவ்வொரு களத்தையும் தாண்டி நான் இறங்கி மல்லாந்து படுத்து அதைப் பிடுங்க வேண்டும். செடிக்குச் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா.

"இன்னாபா, உன் மாடு மேஞ்சிடுச்சா?"

"வயித்துல இருக்கறத எறக்கிட்டுப் போபா. அது எங்களுது."

நம் நாட்டுப் பெட்ரோல் அதற்கு ஒத்துக்கொள்ளாது. மேட்டில் ஏறினால் எஞ்சின் டொக்டொக்கென்று தட்டும். டயர் கிடைக்காது. கிளட்ச் ஒயர் ஒரு தடவை அறுந்தபோது, வேறு ஏதோ வண்டியின் ஒயரை வாங்கி, பட்டறையில் முனையை மாற்றிப் போட்டோம். குளிர் தேசத்து வண்டி என்பதால் உள்ளே சூடு கொடுக்க ஒரு ஏற்பாடு உண்டு. அதன் குமிழ் ஒரு நாள் திறந்தபடி மாட்டிக்கொண்டது. சித்திரை மாசம். கணுக்காலில் அனல் அடிக்க அடிக்கத் திண்டிவனம் வரை போய்வந்தேன்.

கதவு பக்கத்துக்கு ஒன்று. பின்னால் தூக்கித் திறக்கிற மூடி ஒன்று, அது சாமானுக்கு. பின்சீட்டுக்குப் போகிறவர் முன்சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். நுழைந்துவிட்டால், முன்னால் இருப்பவர் இறங்கிச் சீட்டை மடக்கினால்தான் வெளியே வரலாம். பின்னால் ஜன்னலும் இறங்காது. கண்ணாடி ஓரமாக விரல் நுழைகிற அளவுக்குத் திறக்கும். அந்தச் சீட்டு ஐயாவின் மனைவிக்கு. அம்மா என்று கூப்பிடுவோம். கனத்த உடம்பு. பனையோலை விசிறி எடுத்துக்கொண்டுதான் ஏறுவார். "செத்தா பொட்டில வைக்கறாங்க. எனக்கு அது புதுசா இருக்காது" என்பார். ஐயா காதில் விழும்படிதான் சொல்வார்.

இனி ஸ்டியரிங். நான் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு பஸ். அதை முந்த வேண்டும் என்றால் எதிரே ரோடு காலியா என்று தெரிய வேண்டும். நான் இருக்கிற பக்கத்திலிருந்து பஸ்ஸின் முதுகுதான் தெரியும். வலது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் ரோடு தெரியும். அதனால் வலது சீட்டில் ஐயா. அவர் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்ப்பார். காலி என்றால் "அலே" என்பார். பிரெஞ்சில் போ என்று அர்த்தம். நான் மிதிப்பேன். ஒன்றும் சொல்லாவிட்டால் பின்னாலேயே இருப்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஒதியம்பட்டில் கிளம்பிக் கடலூர் வரைக்கும் வேறு வார்த்தை இல்லாமல் போயிருக்கிறோம்.

கண் அவருடையது, கை கால் என்னுடையது. ரெண்டு வருஷம் அப்படி ஓடியது. ஒரு தடவைகூட அவர் தப்பாகச் சொன்னதில்லை. அலே வந்தால் நான் யோசிக்கவே மாட்டேன். மாட்டுக்குக் கயிறு மாதிரி அது எனக்கு.

அவருக்கு யார் பின்னாலும் போகப் பிடிக்காது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் அப்பா எங்கள் பாகூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் ஏர் ஓட்டினவர். பண்ணை வண்டி வந்தால் ரோட்டை விட்டு வரப்பில் இறங்கி நிற்க வேண்டும். இவரும் பையனாக இறங்கி நின்றிருக்கிறார். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. அம்மா சொன்னார். அந்தப் பண்ணைக்காரரின் பெரிய கறுப்புக் கார் கடலூர் ரோட்டில் முன்னால் போனால் ஐயா நிமிர்ந்து உட்காருவார். தலை வெளியே போகும். அந்த அலேவுக்குச் சத்தம் கொஞ்சம் கூட இருக்கும். தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். நேரே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. கூரையில் மழை சத்தம் போடுகிறபோது அவர் அலே சொல்வதே இல்லை. ரோடு நேராக இருக்கும், பஸ் ஆமை மாதிரி போகும், அவர் பேசாமல் இருப்பார். மழை நின்றால் மறுபடியும் சொல்வார். முதலில் மழைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். பட்டாளத்தில் இருந்தவர் மழைக்கா பயப்படுவார்? பிறகு கவனித்தேன். தலையை நீட்டும்போது முகத்தை ரோட்டுக்கு நேரே வைக்கவில்லை. சாய்த்து வைத்தார். காதை வைத்தார்.

எதிரே வருகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை என்றால் அலே.

அதைக் கண்டுபிடித்த பிறகும் நான் ஓட்டினேன். வேறென்ன செய்ய? உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று அவரிடம் சொல்ல முடியாது. அலே சொல்லி நான் போகாவிட்டால், "இன்னாடா, தூங்கறியா?" என்பார். ரெண்டாம் முறை சத்தமாகச் சொல்வார். நான் ஸ்டியரிங்கை லேசாக வெளியே ஒடித்து, மூக்கை நீட்டி, என் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் பார்த்துவிட்டுப் போகக் கற்றுக்கொண்டேன். மூக்கை நீட்டுகிற நேரத்தில் எதிரே வருகிறவன் இருந்தால் நான் மூக்கோடு போய்விடுவேன். தெரிந்தேதான் செய்தேன். வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"வுட்டுட்டு வந்துடு" என்றாள்.

"எங்க வர்றது? வூடே அவருது" என்றேன்.



கிருமாம்பாக்கத்தில் அம்மாவின் பிறந்த வீடு. மாசத்தில் ஒரு தடவையாவது போவோம். அந்தத் தடவை போனது கரும்பு வெட்டு சமயம். மில்லுக்குப் போகிற மாட்டு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வீடு உயரத்துக்கு ஏற்றியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கரும்புச் சோகை தொங்கியது. எங்களுக்கு முன்னால் எத்தனை வண்டி என்றே எனக்குத் தெரியவில்லை. ரோடு அங்கே ஒரு மதகின் மேல் ஏறி இறங்கும். ஐயா தலையை நீட்டினார். சாய்த்தார். மாட்டு மணிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

"அலே" என்றார்.

மூக்கை நீட்ட இடமில்லை. சோகை கண்ணாடியில் உரசியது. போனேன்.

நடு வண்டிக்குப் பக்கத்தில் இருக்கும்போது எதிரே பஸ்ஸைப் பார்த்தேன். மதகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. எங்கள் பக்கம் சில பஸ் டிரைவர்கள் மேட்டில் இருந்து இறங்கும்போது கியரை எடுத்துவிட்டு எஞ்சினை அணைத்து வருவார்கள், டீசல் மிச்சம் என்று. அந்த பஸ் அப்படித்தான் வந்தது. பின்னால் திரும்பிப் போக முடியாது. வண்டிகள் நெருக்கமாக இருந்தன. முன்னால் போவதுதான் ஒரே வழி. மிதித்தேன். அந்தக் கார் அதுவரைக்கும் எனக்குக் காட்டாததை அன்றைக்குக் காட்டியது. முதல் வண்டியின் மாட்டுக் கொம்புக்கு முன்னால் நுழைந்தேன். பஸ் என் வலது பக்கம் போனது. வெளியே இருந்த கண்ணாடி அதனோடு போய்விட்டது. ஐயாவின் தலை உள்ளே இருந்தது. எப்போது உள்ளே இழுத்தார் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். இறங்கினேன். கண்ணாடி பிய்ந்த பக்கம் சுற்றிப் போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த கரும்பு வண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "சாவறதுக்கு இன்னா அவசரம்? அந்தி சாயட்டுமே" என்று சொல்லிக்கொண்டே போனார்.

"பாத்தியா வண்டிய?" என்றார் ஐயா, உட்கார்ந்தபடியே. "வேற வண்டியா இருந்தா போயிருப்போம்."

அம்மா என்னிடம் சொன்னார், "தம்பி, நான் எறங்கணும்."

அவர் இறங்க வேண்டும் என்றால் ஐயா இறங்க வேண்டும். இல்லாவிட்டால் என் சீட்டை மடக்க வேண்டும். நான் என் சீட்டை மடக்கப் போனேன். "வூடு இதோ வந்துடுச்சு. ஏறு" என்றார் ஐயா. ஏறினேன். அம்மாவின் விசிறிக் காம்பு ஒடிந்திருந்தது. ஓலையை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு வரை வந்தார்.

மறுநாள் கிணற்றடியில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் வந்தார்.

"அவருக்குக் கண்ணு தெரியலப்பா" என்றார்.

"தெரியும்மா."

"உனக்கு எப்பலேந்து?"

"மழைக்காலத்துலேந்து."

"எனக்கு அதுக்கு முன்னாடியே" என்றார். பிரான்சில் இருந்து வருகிற பேப்பரைப் பிரிக்காமல் அடுக்குகிறாராம். படிச்சாச்சு என்கிறாராம். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை என்கிறாராம். கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவிவிடுகிறாராம். அதனால் அம்மா ஒரு வழி யோசித்திருந்தார். டவுனில் ஒரு கார் புரோக்கர். நம் நாட்டுப் பெரிய கார் ஒன்று அவரிடம் இருக்கிறது. நாலு கதவு. ஸ்டியரிங் வலது பக்கம். சிவப்பை எடுத்துக்கொண்டு அதைக் கொடுத்துவிடுவார். ஐயா வண்டி விஷயத்தில் யார் பேச்சும் கேட்க மாட்டார், டிரைவர் பேச்சைத் தவிர.

"அவரு உன்னத்தான் கேப்பாரு. வண்டி ஆவாதுன்னு சொல்லு. அவர பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். வண்டிய மட்டும் சொல்லு" என்றார்.

சரி என்றேன். எனக்கும் அதுதான் வேண்டும். வலது பக்கம் ஸ்டியரிங் வந்துவிட்டால் அலே வேண்டாம். என் கண்ணால் பார்த்து என் காலால் போகலாம். வேலையும் இருக்கும், வீடும் இருக்கும். உயிரும் இருக்கும்.

புரோக்கர் அந்த வாரமே வந்தார். வெள்ளைக் கார். வாசலில் நின்றபோது எங்கள் சிவப்பு அதன் குட்டி மாதிரி இருந்தது. ஐயா வெளியே வந்து அதைச் சுற்றினார். கையால் தடவிக்கொண்டே சுற்றினார். கதவைத் தட்டிப் பார்த்தார். "தகரம் கனம்தான்" என்றார். என்னை ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். புரோக்கர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வாய் நிறைய வெற்றிலை.

"இது காரு இல்லபா, வூடு. படுத்துக்கலாம், பொண்ணு பாக்கலாம், உள்ளயே கல்யாணமும் முடிச்சிடலாம்" என்றார்.

வில்லியனூர் பக்கம் விட்டேன். ஸ்டியரிங் கனம். கியர் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியவில்லை. மிதித்தால் யோசித்துத்தான் கிளம்பியது. முன்னால் ஒரு மாட்டு வண்டி வந்தது. எட்டிப் பார்த்தேன். ரோடு தெரிந்தது. போனேன்.

யாரையும் கேட்கவில்லை. புரோக்கர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். என் காதில் விழவில்லை. இன்னொரு வண்டி வந்தால் தேவலை என்று இருந்தது. வந்தது. அதையும் பார்த்தேன், போனேன். திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டேன். "எங்கபா கூட்டிட்டுப் போற?" என்று புரோக்கர் கேட்ட பிறகுதான் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் ஐயா தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா தூண் ஓரம் நின்றார். புரோக்கர் இறங்கி எச்சில் துப்பிவிட்டு வந்தார்.

"சொல்லுடா" என்றார் ஐயா. "ரெண்டும் ஓட்டிட்ட. செவப்புல இன்னா கெட்டது?"

"ஒசரம் இல்லீங்க. களத்துல மாட்டுது."

"அறுப்பு எப்பவுமா இருக்குது? சரி. அப்புறம்?"

"சாமான் கெடைக்கலீங்க."

"கெடைக்காம எங்கனா நின்னுதா?"

"நிக்கலீங்க."

"அப்புறம்?"

"பின்னாடி கதவு இல்லீங்க. அம்மாவுக்குக் கஷ்டமா இருக்குது."

ஐயா அம்மாவைப் பார்த்தார். பார்த்தார் என்றால், அம்மா சற்று முன் நின்றிருந்த தூண் பக்கம் முகத்தைத் திருப்பினார். அம்மா அதற்குள் புரோக்கருக்குத் தண்ணீர் கொடுக்க இந்தப் பக்கம் வந்திருந்தார். ஐயா தூணைப் பார்த்துத் தலை ஆட்டினார். புரோக்கர் சொம்பை வாயில் வைத்தபடி அதைக் கவனித்தார். 

"வெள்ளையில இன்னா கெட்டது?" என்றார் ஐயா.

"இழுவை இல்லீங்க. மிதிச்சா யோசிக்குது."

"யோசிச்சுப் போறது நல்லதுதானேங்க" என்றார் புரோக்கர்.

ஐயா அவர் பக்கம் திரும்பவில்லை. "அன்னிக்கு கிருமாம்பாக்கத்துல நாம இந்த வெள்ளையில இருந்திருந்தா, தப்பிச்சிருப்பமா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் வண்டியைப் பற்றி அவரிடம் பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். அவரும் டிரைவர்.

"இல்லீங்க" என்றேன்.

"அவ்ளோதான்" என்று எழுந்தார்.

அப்போது அம்மா சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "இந்த வெள்ளையா இருந்திருந்தா அந்தப் புள்ள தன் கண்ணால பாத்திருக்கும். போயே இருக்காது."

ஐயா நின்றார்.  என்னைத்தான் கேட்டார்.

"அன்னிக்குத் தப்பு வண்டி மேலயா?"

"இல்லீங்க."

"உம்மேலயா?"

அந்த இடத்தில் இருந்து பார்த்தால் தோட்டத்துக் கோடியில் என் வீட்டுக் கூரை தெரியும். அடுப்புப் புகை கீற்று வழியாக வந்துகொண்டிருந்தது. என் மேல்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பார். மறுநாள் அதே சீட்டில், அதே அலே.

"இல்லீங்க" என்றேன்.

மூன்றாவதாக அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பின்னால் நீட்டி நாற்காலியின் கையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். புரோக்கருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு என்று அம்மாவிடம் சொன்னார். வெள்ளைக் கார் சாப்பாட்டுக்கு அப்புறம் போய்விட்டது. நான் வேலி ஓரம் நின்று அது திரும்புகிற வரைக்கும் பார்த்தேன்.

சாயங்காலம் என் மனைவி, சாமானைக் கட்டட்டுமா என்று கேட்டாள். இரு என்றேன். அந்த வாரம் முழுக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. காரைத் தினமும் துடைத்தேன். ஐயா வெளியே வரவே இல்லை. அம்மாவும் கிணற்றடிக்கு வரவில்லை. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள் என்று இருந்தது. டிராக்டர் வேலைக்குப் பாகூரில் கேட்டுப் பார்த்தேன். அங்கே வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போக வண்டி எடுக்கச் சொன்னார்கள். எடுத்து நிறுத்தினேன். ஐயா கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா பின்னால் வந்தார். வழக்கம் போல வலது கதவைத் திறந்து, அம்மா ஏறுவதற்குச் சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா என் கையைத் தள்ளினார். குனிந்தார். தலை மேலே இடித்தது. ஒரு காலை உள்ளே வைத்து, மறு காலைக் கையால் தூக்கி வைத்து, அவரே பின்சீட்டுக்குப் போனார். முட்டி ரெண்டும் மார்பு உயரத்துக்கு வந்தது. தொப்பியைக் கழற்றி முட்டி மேல் வைத்தார்.

அம்மா வெளியே நின்றபடி அவரையும் என்னையும் பார்த்தார். "ஏறு" என்றார் ஐயா உள்ளே இருந்து.

சீட்டை நிமிர்த்தினேன். அம்மா வலது பக்கம் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன்.

வண்டியை மாற்றியிருந்தால் தப்பு வண்டி மேல் என்று ஆகியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. அதை நேர்மை என்று இப்போது எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. வெள்ளைக் கார் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

வில்லியனூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு சைக்கிள்காரர் முன்னால் போனார். அகலமாகப் புல்லுக்கட்டு வைத்திருந்தார். "அம்மா, காலியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா தலையை நீட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இரு தம்பி. தூரத்துல இன்னாவோ வருது" என்றார்.

வந்தது ஒரு நாய். அது ரோட்டைத் தாண்டிப் போனது. "இப்ப?" என்றேன். "இரு. அதுக்குப் பின்னாடி இன்னும் ஒண்ணு வரும்" என்றார்.

அன்றிலிருந்து இப்படித்தான். அம்மா அந்தக் காரில் ஒரு தடவைகூடப் போ என்று சொன்னதில்லை. கையில் ஜெபமாலை இருக்கும். ரோடு கடைசி வரைக்கும் வெறிச்சென்று கிடந்தாலும் இரு என்பார். கடல் தாண்டி வந்த கார், இந்தப் பக்கத்திலேயே வேகமாக ஓடக்கூடிய கார், கரும்பு வண்டிக்குப் பின்னால் போனது. வைக்கோல் வண்டிக்குப் பின்னால் போனது. ஆட்டு மந்தைக்குப் பின்னால் போனது. முதல் கியரிலேயே போய்ப் போய் எஞ்சின் சூடானது. பஸ்காரர்கள் ஹாரன் அடித்து முந்திப் போனார்கள். கண்டக்டர்கள் படியில் தொங்கியபடி, "தள்ளட்டுமா?" என்று கேட்டார்கள். பண்ணைக்காரரின் கறுப்புக் காரும் முந்திப் போனது. நான் கண்ணாடியில் பார்த்தேன். ஐயா முட்டி மேல் இருந்த தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காரின் சத்தம் அவருக்குத் தெரியும்.

எனக்கு அடிபடும் பயம் போய்விட்டது. அது உண்மை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. காலுக்குக் கீழே அவ்வளவு இழுவை இருக்கும்போது மிதிக்காமல் வைத்திருப்பது. முட்டி நோக ஆரம்பித்தது. விட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றும்போதெல்லாம் கூரையைப் பார்ப்பேன். அந்தக் கூரையை நான் மறுபடி மறுபடி வேய்ந்தேன். அவர் சொன்ன வாய்ச்சொல்லை அவர் மாற்றவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு தை மாசம். பாகூர் பக்கத்தில் இருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். முன்னால் வைக்கோல் வண்டிகள். ரோட்டையே அடைத்துக்கொண்டு அசைந்து போயின. எதிரே ஒரு சத்தமும் இல்லை. காற்றுகூட இல்லை. எனக்கே தெரிந்தது, ரோடு காலி. கண்ணாடியில் பார்த்தால் ஐயா தலையைச் சாய்த்து, அந்த விரல் அகல இடுக்கில் காதை வைத்திருந்தார்.

"முன்னாடி போறது யாருது?" என்று கேட்டார்.

மாட்டுக் கொம்பில் பூசியிருந்த வர்ணத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். பண்ணை வண்டிகள்தான். அவர் அப்பா ஏர் ஓட்டின பண்ணை.

"யாருதோ தெரியலீங்க" என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. காதை எடுக்கவும் இல்லை. அலே என்று வரும் என்று நான் காத்திருந்தேன். வந்திருந்தால் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. கால் தயாராகத்தான் இருந்தது. வரவில்லை. அம்மா ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இரு தம்பி" என்றார். முன் வண்டியில் இருந்து வைக்கோல் பிரிந்து, ஜன்னல் வழியாக அவர் மடியில் விழுந்தது. அவர் அதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டு வந்தார்.